மனைவியையும் உள்ளே அழையுங்கள்: கனடாவின் வங்குரோத்துக் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

ஒட்டாவாவில் இருக்கும் வங்குரோத்துக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

வங்குரோத்துப் பதிந்தவர்களுக்கும் கடனில் ஒரு பகுதியைக் கட்ட ஒத்துக்கொண்டு கன்சூமர் புரபோசல் போட்டவர்களுக்கும் கட்டாயமாக இருக்கும் இரண்டு ஆலோசனை அமர்வுகளைப் பற்றி எழுதுகிறேன். அவற்றை நிறுத்துங்கள் என்று கேட்கப் போவதில்லை. கடனில் தாண்டுபோனவரைக் கூப்பிட்டு வைத்து வரவுசெலவுப் பாடம் நடத்துவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று சொல்கிறவர்கள் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. என் முறைப்பாடு வேறு: அந்த அறையில் ஆள் போதாது. கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவரை மட்டும் இருத்திப் பேசுகிறீர்கள். அந்தக் கடன் உண்டானதில் பங்குள்ளவர், இனி அந்த வீட்டுச் செலவை நடத்தப் போகிறவர், வெளியே வாகனத்தில் காத்திருக்கிறார்.

நான் ஸ்காபரோவில் வருமானவரிக் கணக்குச் செய்து கொடுப்பவன். கடன் விஷயமாக என்னிடம் எவரும் வருவதில்லை. வரிக்கு வந்த இடத்தில், ரீ4 என்ற சம்பளத் துண்டுகளை எடுக்கும்போது அதே பையிலிருந்து கூடவே வரும். “அண்ணை, இந்தக் கடிதம் என்ன எண்டு ஒருக்காப் பாருங்கோ.” பார்த்தால் வசூல் நிறுவனத்தின் கடிதம், சில வேளை ஆறு மாதத்துக்கு முந்தியது, உறை பிரிக்காமலே. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரிக்கணக்குப் பார்க்கும் எந்தத் தமிழரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

இதைப் படிக்கும் நம்மவர்களுக்காக நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். கனடாவில் 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு இந்த ஆலோசனை அமர்வுகள் சட்டத்துக்குள் வந்தன. கன்சூமர் புரபோசல், அதாவது கடன் கொடுத்தவர்களோடு பேசி ஒரு பகுதியை ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்கும் ஏற்பாடு, அதுவும் அப்போது வந்ததுதான். குடியிருக்கும் வீட்டின் மோட்கேஜை விட்டுவிட்டு 250,000 டொலர் வரையான கடனுக்கு அதைப் போடலாம். எந்த வழியில் போனாலும் இந்த அலுவல்களை நடத்த உரிமம் பெற்ற ட்ரஸ்டி ஒருவர் மூலமாகத்தான் போகவேண்டும். பதிந்த பிறகு முதல் அமர்வு 60 நாட்களுக்குள், இரண்டாவது 210 நாட்களுக்குள். ஓர் அமர்வுக்கு 85 டொலர் என்பது விதியில் உள்ள கட்டணம். அது அரசாங்கத்தின் காசு அல்ல, கடன்பட்டவர் மாதாமாதம் கட்டுகிற பணத்திலிருந்து போவது.

அமர்வுக்குப் போகாவிட்டால்? முதல் முறை வங்குரோத்தானவர், மேலதிக வருமானம், அதாவது குடும்பத்துக்கென்று வகுத்த அளவுக்கு மேலான வருமானம், இல்லாவிட்டால், ஒன்பது மாதத்தில் தானாகவே விடுவிக்கப்படுவார். அமர்வைத் தட்டிக் கழித்தவருக்கு அந்தத் தானான விடுதலை கிடையாது. புரபோசல் போட்டவர் சதம் மிச்சமில்லாமல் கட்டி முடித்தாலும், அமர்வுகளுக்குப் போகாவிட்டால் முடித்ததற்கான சான்றிதழ் வராது. ஆகவே எல்லோரும் போகிறார்கள். போய்த் தலையாட்டுகிறார்கள். தலையாட்டியதற்கு மேல் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி.

நான் பார்த்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. கணவர் சொந்த டிரக் ஓட்டினார். 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த கனடா வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்கு ஏறியதே, அந்தக் காலத்தில் வீட்டின் மேல் எடுத்திருந்த லைன் ஒஃப் கிரெடிட் அவரைக் கட்டிப் போட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி தம்பி வீடு வாங்க முற்பணமாகப் போயிருந்தது. ஒரு பகுதி மூத்த மகளின் சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு. மிச்சம் டிரக்கின் திருத்த வேலைக்கு. வீட்டை விற்று அந்தக் கடனை முடித்தார்கள். கடனட்டைகளும் டிரக்கின் பாக்கியும் நின்றன. அவர் வங்குரோத்துப் பதிந்தார், இரண்டு அமர்வுக்கும் ஒழுங்காகப் போனார், ஒன்பதாம் மாதம் விடுதலையும் வந்தது. அடுத்த மாதம் வசூல் நிறுவனம் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தது. டிரக் கடனில் அவர் கூட்டுக் கையெழுத்து வைத்தவர். கணவரின் விடுதலை கூடக் கையெழுத்திட்டவரை விடுவிக்காது என்பது சட்டத்தின் 179ஆம் பிரிவு. அந்த மனுசிக்கு அது தெரியாது. “அவர் வகுப்புக்கெல்லாம் போய் வந்தவர்தானே, பிறகேன் எனக்கு எடுக்கினம்?” என்று என்னிடம் கேட்டார். கணவருக்குச் சொல்லப்பட்டதா, சொல்லியும் அவர் வீட்டில் சொல்லவில்லையா என்பது எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். கடன் எவ்வளவு என்பதையே மனைவியிடம் பாதியாகச் சொல்லி வைத்திருந்த மனிதர்.

இப்போது உங்கள் படிவங்களுக்கு வருகிறேன். வங்குரோத்துக் காலத்தில் மாதாமாதம் நிரப்பவேண்டிய 65ஆம் படிவம், பதிந்தவருடைய வரவுசெலவை மட்டும் கேட்பதில்லை. குடும்ப அலகு முழுவதன் வரவுசெலவையும் கேட்கிறது. மனைவி தொழிற்சாலையில் உழைப்பதும் அதில் வரவேண்டும். மேலதிக வருமானம் இருக்கிறதா, 9 மாதத்தில் விடுவதா, 21 மாதம் இழுப்பதா என்ற கணக்கில் அந்த மொத்த வருமானத்துக்கும் இடமுண்டு. பணம் எண்ணும்போது குடும்பம் தேவைப்படுகிறது. பாடம் சொல்லும்போது ஒற்றை ஆள் போதும் என்றாகிறது. இது எந்த ஊர் நியாயம்?

இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. சட்டத்தின் 157.1ஆம் பிரிவு, வங்குரோத்தானவருக்கு ட்ரஸ்டி ஆலோசனை வழங்கியே ஆகவேண்டும் என்கிறது. அதே மூச்சில், அவரோடு பணத்தொடர்பு உள்ள இன்னொருவருக்கும் ஆலோசனை வழங்கலாம் என்கிறது. செலவை வங்குரோத்தானவரின் சொத்துக்கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. யார் அந்த வகைக்குள் வருவார் என்று சொல்லும் வேலையைச் சட்டம் உங்கள் பணிப்புரைகளிடம் விட்டிருக்கிறது. இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கும் தெரியாது. ட்ரஸ்டி அலுவலகத்துக்குப் போய் வந்த எவரும் “மனிசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொன்னவை” என்று என்னிடம் சொன்னதில்லை. ‘வழங்கலாம்’ என்று எழுதியிருப்பதை எவரும் கேட்காவிட்டால் எவரும் வழங்கப் போவதில்லை. கேட்கவேண்டியவருக்கோ அது இருப்பதே தெரியாது.

எனவே கேட்கிறேன்: முதல் அமர்வுக்கு நேரம் குறிக்கும் கடிதத்திலேயே, வீட்டில் கணக்கைச் சேர்ந்து நடத்துபவர் ஒருவரும் விரும்பினால் ஆலோசனை பெறலாம் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிரிவு வங்குரோத்தானவரைப் பற்றியே பேசுகிறது. 2024இல் இந்த நாட்டில் நொடித்துப்போய்ப் பதிந்த தனிநபர்கள் 137,000க்கு மேல்; அவர்களில் முக்கால்வாசிக்கு மேல் புரபோசல் வழியில் போனவர்கள். ஆகவே புரபோசல் வீட்டுக்கும் அதே அழைப்பு போகவேண்டும். இல்லாவிட்டால் நான்கில் ஒரு வீட்டுக்குத்தான் நன்மை.

ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பு. எல்லா வீட்டிலும் மனைவியை உள்ளே அழைப்பது நன்மை செய்யாது. கணவர் மிரட்டி மனைவி பெயரில் அட்டை எடுக்க வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். அப்படி ஒரு பெண் வங்குரோத்துப் பதிந்து ஆலோசகர் முன்னால் இருக்கும்போது அந்தக் கணவரும் பக்கத்து நாற்காலியில் இருந்தால் அவள் வாய் திறப்பாளா? ஆகவே கட்டாயம் வேண்டாம், சேர்த்து இருத்துவதும் வேண்டாம். பதிந்தவர் சம்மதித்தால், மற்றவருக்குத் தனியாக ஒரு மணித்தியாலம். பதிந்தவர் சம்மதிக்காவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம். தனியாக ஆலோசகரிடம் கதைக்கும்போதாவது ஒருவர் உண்மையைச் சொல்லட்டும்.

எங்கள் வீடுகளில் கடன் என்பது ஒருவர் பெயரில் உள்ள பல பேருடைய கணக்கு. இதைப் பண்பாட்டுப் பெருமையாகவோ குறையாகவோ சொல்லவில்லை. சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் டொலர் போடுகிறார்கள். அவசரக்காரர் கூடுதலாகக் கழிவு விட்டு முதலில் எடுக்கிறார். பிறகு மிச்ச மாதங்கள் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். எடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அது கடன். இன்னும் எடுக்காதவருக்கு அதுவரை கட்டியது அவருடைய சொத்து. இரண்டையுமே ட்ரஸ்டிக்கு முன்னால் சத்தியம் செய்து கொடுக்கும் பட்டியலில் எழுதவேண்டும். எழுதுகிறார்களா? அனேகம் பேர் எழுதுவதில்லை, ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் அல்ல. சீட்டு வங்கியில் இல்லை, கடிதம் இல்லை, வட்டி விகிதம் எழுதிய தாள் இல்லை. அது கடன் என்றே மனதில் படுவதில்லை. “வேறு ஏதாவது கடன் இருக்கிறதா?” என்ற பொதுக் கேள்விக்கு “இல்லை” என்பார்கள். “சீட்டு எடுத்தீர்களா?” என்று கேட்டால் உடனே சொல்வார்கள், யாரிடம், எத்தனையாவது மாதம், எவ்வளவு கழிவு என்பது வரை.

இதைவிடப் பெரிய வில்லங்கம் கைமாற்று. வசூல் கடிதம் வரத் தொடங்கியதும் எங்கள் ஆள் செய்யும் முதல் வேலை, சித்தப்பாவிடம் வாங்கிய எட்டாயிரத்தை எப்படியாவது புரட்டித் திருப்பிக் கொடுப்பது. வங்கி தாங்கும், சித்தப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது? அவர் அறிவுக்கு அது யோக்கியமான காரியம். சட்டம் வேறு மாதிரிப் பார்க்கிறது. கடன் கொடுத்த ஒருவருக்கு மற்றவர்களைவிட முன்னுரிமை கொடுத்துக் கட்டியிருந்தால், அந்நியர் என்றால் மூன்று மாதம், உறவினர் என்றால் பன்னிரண்டு மாதம் பின்னோக்கிப் போய் ட்ரஸ்டி அதைக் கேள்விக்கு உட்படுத்தலாம், 95ஆம் பிரிவு. பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி சித்தப்பாவுக்கே கடிதம் போகலாம். வீட்டையோ வாகனத்தையோ பிள்ளை பெயருக்குச் சும்மா மாற்றியிருந்தால் இன்னும் பின்னோக்கிப் போகும், ஐந்து ஆண்டுகள் வரை. மானத்தைக் காப்பாற்றச் செய்த வேலையே கடைசியில் கலியாண வீடுகளில் முகம் காட்ட முடியாமல் செய்துவிடுகிறது.

இந்தப் பாடம் பதிந்து 60 நாட்களுக்குள் வரும் முதல் அமர்வில் கிடைத்தால் பயனில்லை. அதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். பதிவதற்கு முன்னர் ட்ரஸ்டி கடன்பட்டவரைச் சந்தித்து அவர் நிலைமையை மதிப்பிட்டு, உள்ள வழிகளை விளக்கவேண்டும் என்று உங்கள் பணிப்புரையே சொல்கிறது. இந்த மூன்று கேள்விகளும் அந்தச் சந்திப்புக்கு உரியவை: சீட்டு இருக்கிறதா, கடந்த ஓராண்டில் உறவினர் எவருக்காவது காசு திருப்பிக் கொடுத்தீர்களா, உங்கள் கடனில் யாராவது கூடக் கையெழுத்து வைத்திருக்கிறார்களா அல்லது நீங்கள் எவருக்காவது வைத்திருக்கிறீர்களா? தமிழர்களுக்கு மட்டுமல்ல. சீட்டு முறையை வேறு பெயரில் வைத்திருக்கும் கரீபியன், சோமாலி, பிலிப்பினோ வீடுகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

மொழிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் வேலைத்தலத்தைச் சமாளிக்கிற ஒருவருக்கு ஆங்கிலத்தில் கடனைப் பற்றிப் பேச வராது. பேச வராத இடத்தில் ‘யெஸ், யெஸ்’ தான் வரும். இதற்கு எங்கள் வீடுகளில் கண்டுபிடித்திருக்கும் தீர்வு, பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது. பதினைந்து வயதுப் பெண் பிள்ளை, தன் அப்பா எத்தனை அட்டையில் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்பதை ஆலோசகருக்கு மொழிபெயர்க்கிறாள். அப்பா முக்கியமான தொகைகளை அவளுக்கு முன்னால் சொல்ல மாட்டார். சொன்னாலும் அவள் சிலதை விழுங்கிவிடுவாள். அந்த அமர்வில் எவருக்கு என்ன விளங்கியிருக்கும்? பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். அமர்வு எந்த மொழியில் நடந்தது, இடையில் நின்று சொன்னது யார் என்பதைக் கோப்பில் எழுத வையுங்கள். தொலைபேசியிலும் காணொளியிலும் அமர்வு நடக்கிற காலம் இது. ஸ்காபரோவில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்த தகுதிபெற்ற ஆலோசகர் நாட்டில் எங்கே இருந்தாலும் போதுமானது.

மொழி இல்லாத இடத்தில் யார் புகுகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். உரிமம் இல்லாத கடன் ஆலோசகர்களைப் பற்றி உங்கள் அலுவலகமே எச்சரிக்கை விட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அவர்கள் தமிழில் இனிமையாகக் கதைப்பார்கள், வீடு தேடியும் வருவார்கள். ஆயிரக்கணக்கில் முன்பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் அதே ட்ரஸ்டியின் வாசலில்தான் கொண்டுபோய் விடுவார்கள். நேரே போயிருந்தால் முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் காசே கேட்டிருக்க மாட்டார்கள். இதைப் படிக்கும் தமிழர்களுக்கும் சொல்கிறேன், ‘கடனைப் பாதியாக்கித் தருகிறோம்’ என்று சொல்பவரிடம் ட்ரஸ்டி உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பாடத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வரவில்லை. தேவை எது, ஆசை எது என்று பிரிக்கும் பயிற்சி நல்லதுதான். எங்கள் ஆட்களில் அனேகம் பேர் ஆசையால் கெட்டவர்கள் இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பிக்குச் செலவழித்து நொடித்த ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. பேடே கடன், அதாவது அடுத்த சம்பளம் வரும் வரைக்கு எடுக்கும் சின்னக் கடன், பற்றி மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து குற்றவியல் சட்டத்தின் வட்டி உச்சவரம்பு ஆண்டுக்கு 35 சதவீதம். பேடே கடனுக்கு அதில் விலக்கு. நூறு டொலருக்கு 14 டொலர் வரை வாங்கலாம். ‘பதினாலு’ என்று கேட்கும்போது சின்னத் தொகையாகத்தான் தெரிகிறது. இரண்டு கிழமைக் கடன் என்று வைத்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் அது 364 சதவீதம். ஊரில் வட்டிக்கு விடுகிறவனைத் திட்டித் தீர்த்த நாங்கள் இங்கே மின்னும் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போகிறோம். இந்தப் பெருக்கல் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் விளங்காத தமிழன் இல்லை.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இதை இரண்டாகப் பிரித்தது. வங்குரோத்துப் பதிவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் ஒரு ஆலோசனை, பதிந்த பிறகு பண நிர்வாகம் பற்றிய ஒரு வகுப்பு. முன்னதாகவே ஆலோசனை கொடுத்தால் கொஞ்சப் பேராவது வங்குரோத்தைத் தவிர்ப்பார்கள் என்பது எண்ணம். அந்த நாட்டுக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 2007இல் பார்த்தபோது, ஆலோசகரிடம் வருகிற நேரத்தில் பெரும்பாலானவர்களுக்கு வேறு வழி மிச்சமில்லை என்று தெரிந்தது. முன் ஆலோசனையின் பயன் தெளிவாக இல்லை என்று எழுதிவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘முன்னால் ஒரு வகுப்புச் சேர்த்தால் சரியாகிவிடும்’ என்று எவராவது உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். அதை நான் கேட்கவில்லை. இருக்கிற சந்திப்பில் சரியான கேள்விகளும், இருக்கிற அமர்வில் சரியான ஆட்களும் இருந்தால் எனக்குப் போதும்.

நான் கேட்டவற்றில் பெரும்பகுதிக்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. பணிப்புரை எழுதும் அதிகாரம் உங்களுக்குச் சட்டத்திலேயே தரப்பட்டிருக்கிறது. செலவும் பெரிதாக இல்லை. இன்னொருவருக்கு ஓர் அமர்வு நடந்தால் இன்னொரு 85 டொலர். அதுவும் கடன்பட்டவருடைய பணத்திலிருந்துதான் போகும் என்பதால், அந்த ஒன்றையாவது வேறு வழியில் ஏற்க முடியுமா என்று பார்க்கச் சொல்லி எழுதியிருப்பேன். ஆனால் கூடக் கையெழுத்து வைத்தது தெரியாமல் வசூல்காரரிடம் மாட்டிக்கொண்ட அந்த மனுசி எனக்குச் சொன்னது வேறு. எண்பத்தைந்து டொலரைத் தானே கட்டியிருப்பாராம், முன்கூட்டியே ஒருவர் இருந்து சொல்லியிருந்தால்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் தனியாக அஞ்சலில் வருகிறது. பதில் எழுதும்போது ஒரு விவரத்தைச் சேர்த்து எழுதுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் 157.1ஆம் பிரிவின் கீழ், வங்குரோத்தானவர் அல்லாத, அவரோடு பணத்தொடர்பு உள்ள எத்தனை பேருக்கு நாடு முழுவதும் ஆலோசனை வழங்கப்பட்டது? மாகாண வாரியாகப் பிரித்துத் தந்தால் நல்லது. அந்த எண்ணிக்கை உங்கள் அலுவலகத்தில் சேகரிக்கப்படுவதில்லை என்றால், அதையும் எழுதிவிடுங்கள்.

மதிப்புடன்,
ஸ்காபரோவில் வரிக்கணக்குப் பார்க்கும் ஒரு தமிழர்